பார்வதம் அம்மாவும் சாரும்

ஆகஸ்ட் 5, 2024 – திங்கள்

இன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இறால் கம்பெனி வேனில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போய்வந்த வருடங்களை நினைத்துக்கொண்டேன். அங்கே ஐஸில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கும். வீட்டுக்கு வந்து டம்ளரைத் தொட்டால் டீ சூடாக இருக்கிறதா ஆறிவிட்டதா என்று தெரியாது. இப்போது பெரியவர்களுக்கு ஊற்றும் தண்ணீரை என் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறேன். கைக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது. நாற்பது தாண்டி, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்குப் போனவளைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். போனது நல்லதுதான்.

முதியோர் இல்லத்தில் இன்று கடைசி அறையை எனக்குக் கொடுத்தார்கள். ஜாக்குலின் சிஸ்டர்தான் எங்களுக்கு நர்ஸ். என்னைவிடச் சின்னப் பெண். ஆனால் ஒரு சொல்லைத் தேவையில்லாமல் சொல்லமாட்டார். "பார்வதம் அம்மாவுக்கு மறதி நோய். ஹஸ்பெண்ட் ரவிச்சந்திரன் சாரும் கூடவே தங்கியிருக்கார். அம்மாவைப் பார்த்துக்கறது உங்க வேலை. ஆனா சார் யாரையும் கிட்ட விடறதில்லை. மெதுவா போங்க" என்றார்.

போனேன். சார் கதவைப் பாதி திறந்து, என் கையில் இருந்த துண்டையும் சோப்பையும் வாங்கிக்கொண்டு, "நன்றி. நானே பார்த்துக்கறேன்" என்று சாத்திவிட்டார்.

கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அவர் அந்த அம்மாவிடம் பேசுகிற குரல் கேட்டது. குழந்தையிடம் பேசுகிற மாதிரி இல்லை. மனைவியிடம் பேசுகிற மாதிரியே இருந்தது. அதைக் கேட்டதும் கோபம் வரவில்லை.

ஆகஸ்ட் 8 – வியாழன்

நாலு நாளாக நான் செய்வதெல்லாம் தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் திரும்ப எடுத்துவருவதும்தான். இதற்கா மூன்று மாதம் செங்கல்பட்டுக்கு அலைந்தேன்? படுக்கையில் புரட்டுவது, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது, குதிகாலில் புண் வருகிறதா என்று பார்ப்பது, எல்லாம் படித்தேன். இங்கே அத்தனையையும் சாரே செய்கிறார்.

அவர் நன்றாகவே செய்கிறார், அதையும் சொல்ல வேண்டும். சின்ன ஸ்பூனில் எடுக்கிறார். அம்மா விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். கல்பாக்கத்தில் பெரிய இன்ஜினியராக இருந்தவராம். அளந்து செய்கிற ஆள் என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஊட்டி முடித்து எழுந்திருக்கும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறார்.

எழுபத்தைந்தைத் தாண்டிய உடம்பு. எத்தனை நாள் தாங்கும்?

ஆகஸ்ட் 13 – செவ்வாய்

இன்று அழுதேன். பஸ்ஸில் அழக்கூடாது என்று அடக்கிவைத்து வீட்டுக்கு வந்து அழுதேன்.

காலையில் சாரே கூப்பிட்டார். "எனக்குக் கொஞ்சம் முடியலை. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குளிப்பாட்டி விடுங்க" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் கெடுத்தேன். மளமளவென்று அம்மாவைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், நாற்காலியில் உட்காரவைத்து, நைட்டியைக் கழற்றி, தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அம்மா அலறினார். கன்னத்தில் பளாரென்று ஒரு அறை. நகம் கீறிக் கழுத்தில் ரத்தம். சார் ஓடிவந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தாரே, அந்த அறையே பரவாயில்லை. துண்டை எடுத்து அம்மாவைச் சுற்றி அணைத்துக்கொண்டு, வெளியே போ என்று கையைக் காட்டினார்.

நான் இன்னா தப்புப் பண்ணேன்? குளிப்பாட்டத்தானே சொன்னாங்கோ? நான் இன்னா அடிச்சனா, திட்டுனனா?

எங்க வூட்டுக்காரர் சின்னையன் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் கழுத்தைப் பார்த்துவிட்டார். "இன்னாமே இது? வேலையே வாணாம், உட்டுட்டு வா" என்றார். மருந்து போட்டுவிட்டார். எங்கள் பெண் அனு தோசை ஊற்றித் தந்தாள். இந்த இரண்டு பேரும் இருக்கும்போது நான் எதற்கு அழுகிறேன் என்றும் தோன்றியது.

ஆகஸ்ட் 14 – புதன்

சிஸ்டர் திட்டவில்லை. "யாருன்னே தெரியாத ஒருத்தர் உங்க துணியைக் கழற்றித் தலையில தண்ணியை ஊத்தினா நீங்க என்ன பண்ணுவீங்க பொன்னிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நானும் அறைந்திருப்பேன்.

ஆகஸ்ட் 20 – செவ்வாய்

குளிப்பாட்டிவிட்டேன். முழுசாக, சத்தமில்லாமல்.

சிஸ்டர்தான் சாரிடம் பேசி இன்னொரு வாய்ப்பு வாங்கித் தந்தார். இந்த முறை ஒரு வாரமாக அதற்கு வேலை செய்தேன். தினமும் போய் அம்மாவுக்கு எதிரே, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, "நான் பொன்னிம்மா" என்று சொல்லிவிட்டு வருவேன். வேறொன்றும் செய்யமாட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் அவருக்குத் திடுக்கென்று ஆகிவிடுகிறது. சாரிடமும் கேட்டேன், அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று. அவர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு சொன்னார். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவராம். வெளியூருக்குப் பேச ஆபரேட்டரிடம் நம்பர் சொல்லி, மூன்று நிமிஷக் கணக்கில் பேசிய ட்ரங்க் கால் காலத்திலிருந்து. "ஊர்ல எல்லாருக்கும் அவ குரல் தெரியும். மூஞ்சி தெரியாது" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு.

இன்று அம்மாவைத் துண்டு போர்த்தியபடியே உட்காரவைத்தேன். ஒரு சின்னத் துண்டை அவர் கையில் கொடுத்து, முகம் துடைக்கச் சொன்னேன். முதலில் பாதத்தில் மட்டும் ஊற்றினேன். பிறகு முழங்கால். செய்வதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சொன்னேன். எந்த இடத்தைக் கழுவுகிறேனோ அந்த இடத்துத் துண்டை மட்டும் விலக்கினேன். முதுகுக்கு வந்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "சூடு சரியா இருக்கு" என்றார்.

வாசலில் சார் நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தை ஒற்றி எடுத்துப் புடவையைச் சுற்றியதும் உள்ளே வந்து சீப்பை எடுத்துக்கொண்டார். "தலை வாரி விடறது என் வேலை" என்றார்.

சரி சார். அது உங்கள் வேலை.

ஆகஸ்ட் 29 – வியாழன்

ஒன்றும் விசேஷம் இல்லை. எல்லாரும் சாப்பிட்டார்கள், யாரும் விழவில்லை. இப்படி ஒரு நாளைக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது?

செப்டம்பர் 3 – செவ்வாய்

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

காலையில் நான் உள்ளே போகும்போதெல்லாம் சாரின் கட்டில் கலையாமல் இருக்கிறது. அவர் அவ்வளவு சீக்கிரம் எழுந்து படுக்கையைச் சரிசெய்துவிடுகிறார் என்று நினைத்திருந்தேன். இன்று நாற்காலியில் தலையணை வைத்திருந்ததைப் பார்த்தேன். "இங்கதான் தூங்கறீங்களா சார்?" என்றேன். "அவ எழுந்தா தெரியணுமே" என்றார். சரிதான் என்று தோன்றியது. பிறகு பஸ்ஸில் வரும்போது, அது முழுக் காரணமாக இருக்குமா என்றும் தோன்றியது.

ராத்திரியில் சார் இருமுவதாகப் பக்கத்து அறைக்காரர் சொன்னாராம். இதை ராத்திரி ட்யூட்டி பார்க்கும் பெஞ்சமின் அண்ணன் சொன்னார்.

என்னிடம் ஒப்படைத்திருப்பது அம்மாவை. சாருக்கு யாரையும் போடவில்லை. அவர் நோயாளி கிடையாது, கூட இருக்கிறவர். கூட இருக்கிறவரை யார் பார்ப்பது?

செப்டம்பர் 7 – சனி

பிள்ளையார் சதுர்த்தி. அனு பிடித்த கொழுக்கட்டையை எல்லாருக்கும் கொண்டுபோனேன். பார்வதம் அம்மாவுக்குப் பூரணத்தை மட்டும் எடுத்து, பாலில் குழைத்து, சிஸ்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுக் கொடுத்தோம். ஊட்டியது நான். ஆமாம், நானேதான். சார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஊட்டுவதற்கு என்னை விடுகிறார். நம்பிக்கையால் விட்டாரா, முடியாமல் விட்டாரா?

பேசும்போது ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டி மூச்சு வாங்குகிறார்.

செப்டம்பர் 10 – செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சார் எப்போதும் கான்வாஸ் ஷூ போடுகிறவர். கொஞ்ச நாளாகச் செருப்புதான். இன்று ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுத்து அவர் காலில் மாட்டப் போனேன். பாதம் பொம்மென்று இருந்தது. வார் பட்ட இடத்தில் பள்ளமாக ஒரு கோடு. கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே மெல்ல அழுத்திவிட்டு எடுத்தேன். குழி விழுந்தது. அது மேலே வரவேயில்லை.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார்.

"தெரியும். கொஞ்ச நாளா இருக்கு. படுத்தா மூச்சு முட்டுது. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். இங்கே வருவதற்கு முன்னால் வேறொரு இடத்தில் அம்மாவைச் சேர்த்திருந்தாராம். அவருக்குக் கண் ஆபரேஷன். மூன்று நாள் வர முடியவில்லை. நாலாம் நாள் போனபோது அம்மாவின் இரண்டு மணிக்கட்டிலும் சிவப்பாக வரி. எழுந்து எழுந்து போகிறார் என்று கட்டிலோடு துணியால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அன்றே கூட்டிவந்துவிட்டாராம். அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட அவரை விட்டு இருந்ததில்லை. பெண் ஹரிப்ரியா புனேவில் இருக்கிறாள், அவளுக்கும் இந்தக் கால் வீக்கம் தெரியாது.

"என்னை ஆஸ்பத்திரியில போட்டுட்டா இவளுக்கு யார் இருக்கா? எனக்கு வாக்குக் குடுங்க. சொல்லமாட்டேன்னு சொல்லுங்க."

இன்னா பண்றது? ஒரு மாசமா இப்பத்தான் மனுஷன் என்னை நம்ப ஆரம்பிச்சார். இந்த நேரத்துல போய்—

அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் வந்தது.

"அப்டி என்னால சொல்ல முடியாது சார். நேரா சிஸ்டர்கிட்டதான் போறேன். உங்களுக்குத் தெரியாம போய்ச் சொல்லக்கூடாதுன்னுதான் உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன்."

அவர் முகம் மூடிக்கொண்டது. முதல் நாள் அந்தக் கதவு மூடிய மாதிரியே. "அப்போ இனிமே இந்த ரூமுக்கு வராதீங்க" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

போய்ச் சொன்னேன். நாற்காலித் தூக்கம், இருமல், மூச்சு, கால் குழி, எல்லாவற்றையும். சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

செப்டம்பர் 11 – புதன்

நேற்று சாயங்காலமே டாக்டர் வந்து பார்த்துவிட்டார். இருதயம் பலவீனமாகி உடம்பில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதாம். இன்று காலை ஆம்புலன்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஹரிப்ரியா புனேவிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவார்.

ஸ்ட்ரெச்சரில் படுக்க முடியவில்லை அவரால். சாய்ந்து உட்காரவைத்துத்தான் தள்ளினார்கள். நான் ஓரமாக நின்றேன். என்னைக் கடக்கும்போது, "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா" என்று ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது. முடிக்கவில்லை.

முடித்திருந்தால் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

அறைக்கு வராதே என்றவர் சார். ஆனால் அம்மாவைப் பார்க்க இப்போது வேறு யார்? சிஸ்டரைக் கேட்டேன். "அம்மாவுக்கு உங்க மூஞ்சி தெரியும். நீங்கதான் போகணும்" என்றார்.

செப்டம்பர் 12 – வியாழன்

அம்மா சாப்பிடவில்லை. நேற்று ராத்திரியும் இல்லை, இன்று காலையும் மதியமும் இல்லை. வாயருகே ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். "அவர் இன்னும் சாப்பிடல" என்கிறார். கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். கால் தடுமாறுகிறது.

காலையில் ஒரு தப்புச் செய்தேன். சமாதானம் ஆகட்டும் என்று, "சார் இப்ப வந்துடுவாரு" என்றேன். அதைக் கேட்டதும் கதவருகே போய் நின்றவர்தான். உட்காரவே இல்லை. வராத ஆளுக்காக நிற்கவைத்துவிட்டேனே.

சிஸ்டர் சொன்னார்: வராதவரை வருவார் என்று சொல்லவேண்டாம், பயப்படுகிற மாதிரியும் சொல்லவேண்டாம். டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார், உங்களைக் கேட்டார் என்று சொல்லலாம். நிஜமும் அதுதான்.

அவரை உட்காரவைக்கப் பிடித்து இழுக்கவில்லை. கூடவே நடந்தேன். இடுப்பில், விழாமல் பிடித்துக்கொள்ளும் பட்டையைக் கட்டி, பின்னாலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு, வராந்தா முழுவதும். அவர் திரும்பும்போது நானும் திரும்பினேன். மதியம் என் ட்யூட்டி முடிந்தது. நான் கிளம்பவில்லை. சின்னையனுக்குப் போன் செய்தேன், சாயங்காலம் வருகிறேன் என்று. "சரி, நான் சோறு வச்சிடறேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வா என்று சொன்ன அதே மனுஷன்.

கடைசியில் களைத்து என் தோளில் சாய்ந்தார். இரண்டு ஸ்பூன் மோர் இறங்கியது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 13 – வெள்ளி

எழுதும்போதே சிரிப்பும் வருகிறது, கண்ணும் நனைகிறது.

சாரை ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று காலையில் ஹரிப்ரியா சொன்னார். அப்பாவும் சரியாகச் சாப்பிடவில்லையாம், அம்மாவைப் பற்றியே கேட்கிறாராம். சாரை அம்மாவிடம் போனில் பேசச் சொல்லலாமா என்று சிஸ்டரைக் கேட்டேன். நேற்று ராத்திரி ஹரிப்ரியா இங்கே வந்தபோது செல்போனைக் காட்டிப் பார்த்திருக்கிறார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாராம். அப்போதுதான் ஆபீஸில் இருக்கும் பழைய போன் ஞாபகம் வந்தது. ஒயர் வைத்தது, கையில் கனமாகப் பிடிப்பது.

அம்மாவை ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்து, ரிசீவரைக் கையில் கொடுத்தேன். அடடா, அந்த முதுகு நிமிர்ந்ததே. மூன்று நாளாகக் கூன் விழுந்து நடந்த உடம்பு. ரிசீவரைக் காதில் வைத்து, கணீரென்று, "நம்பர் ப்ளீஸ்" என்றார்.

"செங்கல்பட்டு கேக்கறாங்கம்மா" என்றேன்.

"லைன்ல இருங்க."

அந்தப் பக்கம் சார் குரல். எனக்கும் கேட்டது. "பார்வதம், சாப்பிட்டியா? நான் இங்க சாப்பிடறேன். நீ அங்க சாப்பிடு." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மரியாதையாகக் கேட்டார், "மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டெண்ட் பண்ணவா?"

சார், "பண்ணுங்க மேடம்" என்றார். அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை.

அங்கேயே, ஆபீஸ் மேஜையிலேயே, ரிசீவர் ஒரு கையில் இருக்க, குழைந்த சாதம் ஒரு கிண்ணம் சாப்பிட்டார். அவசரப்படுத்தாமல் ஊட்டினேன். முடிந்த பிறகும் படுக்கவைக்காமல் நிமிர்ந்தே உட்காரவைத்திருந்தேன்.

போனை நான் வாங்கியதும் சார் ஒன்றுதான் கேட்டார். "குளிச்சாளா?"

"குளிச்சாங்க சார். கால்லேர்ந்துதான் ஊத்தினேன்."

வைத்துவிட்டார்.

செப்டம்பர் 17 – செவ்வாய்

தினமும் செங்கல்பட்டுக்கு ட்ரங்க் கால். தினமும் ஒரு கிண்ணம் சாதம்.

செப்டம்பர் 23 – திங்கள்

சார் வந்துவிட்டார். உடம்பு பாதியாக இளைத்திருக்கிறது. கால் வீக்கம் வடிந்து பழைய ஷூவுக்குள் போகிறது.

அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை மட்டும் நீட்டினார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஹரிப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு சார் செய்ததைத்தான் எழுத வேண்டும். அம்மாவின் மணிக்கட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். ஜாக்கெட்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி முதுகைப் பார்த்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். பயமாக இருந்தது. தப்புச் செய்யவில்லை என்று தெரிந்தும் பயம். ஒரு தழும்பில்லை, சிவப்பில்லை. நகம் வெட்டியிருந்தேன். அதையும் விரல் விரலாகத் தடவிப் பார்த்தார்.

உள்ளே வராதே என்று இந்த முறை சொல்லவில்லை.

அக்டோபர் 4 – வெள்ளி

இப்போது கடைசி அறைக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் நான் போனதும் முதல் வேலை சாரை எடைமெஷினில் நிற்கவைப்பது. எடை திடீரென்று ஏறினால் மறுபடி தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தமாம். இன்ஜினியர் ஆயிற்றே, முள் சரியாக நிற்கும்வரை இறங்கமாட்டார். அப்புறம் கால். நான் அழுத்தும்போது அவரும் குனிந்து பார்ப்பார். பிறகு அம்மா குளியல். நான் ஊற்ற, அவர் உட்கார்ந்துகொண்டு துண்டை நீட்டுவார். தலை வாருவது அவர். ராத்திரி பெஞ்சமின் அண்ணன் நடுநடுவே வந்து எட்டிப் பார்க்கிறார். சார் கட்டிலில் படுக்கிறார்.

இன்று துண்டை நீட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

"அன்னிக்கு நீ வாக்குக் குடுத்திருந்தா எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும் பொன்னி. அந்த நிம்மதியோடயே போயிருப்பேன். இவ கதவுகிட்டயே நின்னுட்டு இருந்திருப்பா."

அம்மாவின் முதுகில் தண்ணீரை ஊற்றினேன். இரண்டு மாதமாக 'நீங்க' என்றவர் 'நீ' என்றுவிட்டார். அதை அவர் கவனித்தாரா தெரியவில்லை.

சிஸ்டரிடம் இதைச் சொல்லி, நீங்கள் அன்று உடனே எழுந்து வந்ததால்தான் என்றேன். வேறு யாராவதாக இருந்தால், உன் வேலையைப் பார் என்று சொல்லியிருப்பார்கள். சிஸ்டர் சிரித்துவிட்டு, "நீங்க ஒழுங்கா சொன்னீங்க, நான் ஒழுங்கா கேட்டேன். அவ்வளவுதான்க்கா" என்றார். அவ்வளவுதான் என்கிறார். இது எல்லா இடத்திலும் கிடைக்கிறதா?

அக்டோபர் 16 – புதன்

மழை விடவில்லை. பஸ் இல்லை. சின்னையன் ஆட்டோவில் கொண்டுவிட்டார். கேளம்பாக்கம் சவாரியை விட்டுவிட்டு வந்தார். கேட்டால், "உன் பெருசுங்க காத்துகினு இருக்குமே" என்கிறார்.

நவம்பர் 6 – புதன்

சாருக்கு இன்று செங்கல்பட்டில் டாக்டரைப் பார்க்கும் நாள். போன முறை ஹரிப்ரியா வந்து கூட்டிப்போனார். அதுவும் அம்மாவை விட்டுப் போவதற்கு ஒரு மணி நேரம் தயாரானார் சார். வழியெல்லாம் போன் செய்துகொண்டே இருந்தார். என்ன செய்கிறாள், உட்கார்ந்திருக்கிறாளா, நிற்கிறாளா. இந்த முறை ஹரிப்ரியாவால் வர முடியவில்லை. பகல்தானே, நான் கூடப் போகிறேன் என்று பெஞ்சமின் அண்ணன் கார் ஏற்பாடு செய்திருந்தார்.

காலையில் எடை பார்த்து, கால் பார்த்து, எல்லாம் முடிந்தது. சார் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அம்மாவிடம் சொன்னார், டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. அம்மா பேப்பரைப் புரட்டிக்கொண்டே, சரி என்றார். கார் வந்தது. எப்போதும் போல வாசல்வரை வந்து திரும்பி வருவார், எனக்கு நாலு விஷயம் சொல்வார் என்று நின்றேன். அவர் செருப்பலமாரியிலிருந்து ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு, "நீ இருக்கல்ல" என்றார். போய்விட்டார்.

பத்து மணிக்குப் போன் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மதியம் அம்மாவுக்கு ஊட்டும்போது போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். வரவில்லை. அம்மா நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினார். எனக்குத்தான் பதற்றமாகிவிட்டது. டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டாரோ, மறுபடி சேர்த்துவிட்டார்களோ. ட்யூட்டி முடிந்தும் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சமின் அண்ணனைக் கூப்பிட்டேன். "வந்துகினே கீறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாலு மணிக்கு மேல் கார் வந்தது. இறங்கினவரைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. முடி வெட்டியிருந்தார். காதை மூடிக் கிடந்த நரைமுடி போய், கழுத்தெல்லாம் பவுடர் வாசனை. டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாராம். மாத்திரையில் ஒன்றைக் குறைத்திருக்கிறார்களாம். அதற்குப் பிறகு நேராக வராமல் மாமல்லபுரத்துக்கு விடச்சொல்லியிருக்கிறார். கடையில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டு, கடற்கரை மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள் இரண்டு பேரும். பெஞ்சமின் அண்ணன் தூங்கியேவிட்டாராம்.

அம்மா எழுந்து உட்கார்ந்து சாரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "யார் இவர்? புதுசா சேர்ந்திருக்காரா?" என்று கேட்டார்.

சார் முகத்தைப் பார்க்கவே பயம். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். "ஆமாம் மேடம். இன்னிக்குத்தான் சேர்ந்தேன்" என்றார்.

அம்மா தன் பக்கத்தில் கட்டிலைத் தட்டி, "உக்காருங்க. இங்க நல்லா பார்த்துக்கறாங்க" என்றார்.

அவர் போய் உட்கார்ந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கதவருகே வந்ததும் சார் கூப்பிட்டார். என்னவோ சொல்ல வந்தவர் போல என்னைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"ஒரு தடவைகூடப் போன் பண்ணணும்னு தோணவே இல்லை பொன்னி."